பின்னோக்கி மிதித்தால் செயின் கழல்கிறதா? பர்ஸை விடுங்கள், ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: "என்னிடம் இருப்பது பழைய மவுண்டன் சைக்கிள், பின்னால் 9 கியர். முன்னால் பெடலோடு சுற்றும் மூன்று செயின் வீல்களையும் கழற்றிவிட்டு, பெரியது இருந்த இடத்தில் ஒற்றை வீல் மாட்டினேன். அதற்கப்புறம் பின்னால் பெரிய பல்லுக்கு (பற்சக்கரத்துக்கு) போனாலே கரகரவென்று சத்தம். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் அடுத்த பல்லுக்கு விழுந்துவிடுகிறது. செயின், கேசட் (பின்னால் இருக்கும் பற்சக்கர அடுக்கு), டீரெய்லர் (செயினை நகர்த்தி கியர் மாற்றும் கருவி) மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டாம். "பெரியது இருந்த இடத்தில்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

மூன்று வீல் செட்டில் பெரியதை வெளியே தள்ளி வைத்திருப்பது பின்னால் இருக்கும் சின்னப் பற்களோடு ஓடத்தான். அந்த இடத்தில் ஒற்றை வீலைப் போட்டுவிட்டு, பின்னால் உள்பக்கம் கடைசியில் இருக்கும் பெரிய பல்லுக்குச் செயினை இழுத்தால் அது கோணலாகத்தானே போகும்? முன்னோக்கி மிதிக்கும்போது டீரெய்லரின் குட்டிச் சக்கரம் கீழிருந்து செயினைப் பல்லுக்கு நேராகக் கொண்டுவந்து விடும், அதனால் ஏதோ சமாளிக்கும். பின்னோக்கிச் சுற்றும்போது செயின் மேலே இருந்து கேசட்டுக்குள் நுழைகிறது. அங்கே வழிகாட்ட ஆளில்லை, முன் வீல் எந்தக் கோணத்தில் அனுப்புகிறதோ அதுதான் கதி. டீரெய்லரைப் புதிதாக வாங்கினாலும் இதில் ஒன்றும் மாறப்போவதில்லை.

அளந்து பாருங்கள், பத்து நிமிட வேலை. சீட் கம்பியின் (சீட்டுக்குக் கீழே பெடல் வரை இறங்கும் ஃப்ரேம் குழாய்) பக்கவாட்டிலிருந்து செயின் வீலின் பல் நடுவரை எத்தனை மி.மீ. என்று பார்த்து, கம்பியின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். 41 வந்து, கம்பி 28.6 மி.மீ. என்றால், 41 + 14.3, அதாவது 55.3. இது முன்பக்கக் கணக்கு, சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து வீல் இருக்கும் தூரம். பின்னால், சக்கரம் உட்காரும் இரண்டு முனைகளின் உட்பக்க இடைவெளி உங்கள் மாதிரி சைக்கிளில் பெரும்பாலும் 135, அதில் பாதி 67.5. செயின் பக்கத்து முனையின் உட்பக்கத்திலிருந்து நடுப்பல் வரை, 9 கியரில் அது ஐந்தாவது, 22 மி.மீ. வந்தால் கழித்துக்கொள்ளுங்கள்: 45.5. முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 10 மி.மீ. வித்தியாசம். சத்தம் போடாமல் என்ன செய்யும்?

சரி, தீர்வு. ஒற்றை வீலை அங்கிருந்து எடுத்து நடு வீல் இருந்த இடத்தில், கிராங்க்கில் (பெடலைத் தாங்கும் தண்டு) வீலைப் பிடிக்கும் கைகளின் உட்பக்கத்தில் மாட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே முக்கால்வாசி சரியாகிவிடும். பழைய போல்ட்டுகள் இரண்டு வீல்களைச் சேர்த்துப் பிடிக்கிற நீளம், ஒற்றை வீலுக்கு இறுகாது. குட்டை போல்ட் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அதற்கப்புறமும் இரண்டு மூன்று மி.மீ. மிச்சமிருந்து தொல்லை கொடுத்தால் மட்டும் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுற்றும் அச்சுத் தொகுதி) பக்கம் போங்கள். அச்சு பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக நீண்டிருக்கும், ஆகவே 5 மி.மீ. குட்டையான அச்சு போட்டால் வீல் 2.5 மி.மீ.தான் உள்ளே வரும். பாதி என்பதை மறந்துவிட்டு வாங்கி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் ஏராளம்.

இங்கே ஒரு விதிவிலக்கு. உங்களுக்கு அனேகமாகத் தேவைப்படாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சதுர முனை அச்சில் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு), ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அளவு) என்று இரண்டு ஜாதி. ஷிமானோ போன்ற ஜப்பானியச் சரக்கு பெரும்பாலும் முதல் வகை, இத்தாலியின் கேம்பனோலோ இரண்டாவது. சரிவு இரண்டுக்கும் ஒரே 2 டிகிரி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கிராங்க்கும் சமர்த்தாக ஏறிக்கொள்ளும். ஆனால் ஐ.எஸ்.ஓ. முனை கொஞ்சம் மெலிந்தது. ஜே.ஐ.எஸ். கிராங்க்கை அதில் மாட்டினால் சுமார் 4.5 மி.மீ. கூடுதலாக உள்ளே போய் உட்காரும், மாற்றி மாட்டினால் அதே அளவு வெளியே நிற்கும். அச்சின் நீளத்தை மூன்று முறை அளந்து கணக்குப் போட்டு வாங்கியவர் கடைசியில் தலையில் கைவைத்து உட்காருவது இதனால்தான். நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், வகையையும் கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுங்கள்.

விற்பவர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிற ஒற்றை வீல் செட்டுகளை நம்பாதீர்கள். பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலம் 126, 130, 135, 142, 148 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஒவ்வொன்றையும் கொண்டுவந்தபோது 'தரநிலை' என்றுதான் பெயர் வைத்தார்கள். தரநிலை என்றால் நிலையாக நிற்க வேண்டாமா? இதில் வேடிக்கை, 135-க்கும் 142-க்கும் கேசட் நிற்கும் இடம் ஒன்றேதான். 148 வந்தபோதுதான் எல்லாம் 3 மி.மீ. வெளியே போனது. அந்த 148-க்குச் செய்த கிராங்க்கை உங்கள் 135 தலையில் கட்டினால், இப்போதிருக்கும் இதே கோளாறை மறுபடி காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். முழு செட்டும் மாற்றச் சொல்பவர் ஸ்கேலைக் கையில் எடுத்து அளந்தாரா என்று மட்டும் கேளுங்கள். அளக்காமல் சொல்வது வைத்தியமில்லை, வியாபாரம்.

செயினைத் தனியாகச் சோதித்துக்கொள்ளலாம். புதுச் செயினில் ஒரு இணைப்பு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை அங்குலம், அதனால் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். இழுத்துப் பிடித்து அளக்கும்போது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஒன்று, வீலை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே ஏறி ஓட்டிவிடாதீர்கள். நடு இடத்தில் 32 பல் தாராளமாகச் சுற்றும், ஆனால் நீங்கள் பெரியது இருந்த இடத்தில் போட்டிருப்பது 42 என்றால் பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் கம்பியில் உரசலாம். போல்ட்டை முழுதாக இறுக்குவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பல் நுனிக்கும் கம்பிக்கும் நடுவில் 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும், ஏனென்றால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஃப்ரேமும் கிராங்க்கும் கொஞ்சம் வளையும்.