பெட்டியோடு வந்த நண்பன்

கேள்வி: எனக்கு 63 வயது. மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறேன். 40 வருட நண்பன், மகனோடு மனஸ்தாபம் என்று பெட்டியோடு வந்து இறங்கினான். எட்டு மாதம் ஆகிறது. குடித்து வைத்த டம்ளரை அடுத்த நிமிடமே கழுவிக் கவிழ்க்கிறான். பேப்பரைப் படித்து முடிப்பதற்குள் மடித்து அடுக்கிவிடுகிறான். 'தி ஆட் கப்பிள்' என்று ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டிய என் மகள், "அப்பா, இது நீங்களும் மாமாவும்தான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைப் போகச் சொல்லலாமா? சொன்னால் நட்பு முறிந்துவிடுமோ?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: போகச் சொல்லலாம் சார். அதற்கு முன்னால் அந்தப் படத்தை இன்னொரு தரம் பாருங்கள். முதல் தரம் சுருக்கென்று குத்தியிருக்கும், பாதி விஷயம் கண்ணில் பட்டிருக்காது.

1968இல் வந்த படம். அதற்கு மூன்று வருடம் முன்பு நியூயார்க்கில் சக்கைப்போடு போட்ட நீல் சைமனின் நாடகம்தான் மூலம். சைமனுடைய அண்ணன் டேனி விவாகரத்துக்குப் பிறகு, அதேபோல விவாகரத்தான நண்பர் ஒருவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். அங்கே நடந்த கூத்துதான் கதைக்கு விதை. எழுதியவர் வீட்டிலேயே இருந்த தலைவலி இது, உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

மனைவி விரட்டிவிட்ட பீலிக்ஸாக ஜாக் லெம்மன், அவருக்கு இடம் கொடுக்கும் ஆஸ்கராக வால்டர் மத்தாவ். பீலிக்ஸ் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒரு தட்டு பாஸ்தா. ஆஸ்கர் அதை ஸ்பகெட்டி என்கிறார். பீலிக்ஸ் சிரித்துவிட்டு, அது லிங்குயினி என்று திருத்துகிறார். தட்டு பறந்துபோய்ச் சமையலறைச் சுவரில் மோதுகிறது. ஸ்பகெட்டியோ லிங்குயினியோ, அதற்காக யாராவது தட்டை வீசுவார்களா? அத்தனை நாளாகச் சொல்லாமல் மென்று விழுங்கியதெல்லாம்தான் அன்றைக்குச் சுவரில் வழிந்தது.

நீங்கள் எட்டு மாதமாக மென்றுகொண்டிருக்கிறீர்கள். "நான் எடுத்து வைக்கிற வரைக்கும் பேப்பரைத் தொடாதேடா" என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சத்தில் உங்கள் நண்பர் டம்ளர் கழுவியே வாடகை கொடுக்கிறாரோ என்னவோ. மாதச் செலவில் அவர் பங்கைக் கேட்டு வாங்குங்கள். பாதிக் கழுவல் நின்றாலும் நிற்கும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் பக்கத்துத் தெருவில் ஒரு போர்ஷன் பார்க்கலாம். ஆனால் கோபத்தில் வாசலைக் காட்டாதீர்கள். ஆஸ்கர் அதைத்தான் செய்தார். செய்துவிட்டு, சீட்டாட்டக் கூட்டாளியான போலீஸ்காரரின் காரில் ஊரெல்லாம் பீலிக்ஸைத் தேடி அலைந்தார். பீலிக்ஸ் வேறு வீட்டுக்குப் போன பிறகுதான் இருவருக்கும் மூச்சு வருகிறது. வாராந்தரச் சீட்டாட்டமும் நிற்கவில்லை. கடைசிக் காட்சியைக் கவனித்தீர்களா? சிகரெட்டைக் கண்ட இடத்தில் போடாதீர்கள் என்று மற்றவர்களை அதட்டுவது அந்த அழுக்குமூட்டை ஆஸ்கர்தான்!

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. மகனோடு என்ன மனஸ்தாபம் என்று இந்த எட்டு மாதத்தில் அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.