ஐந்து நகம் இருந்தால் அரண்மனை ஓவியமா?

கேள்வி: பெய்ஜிங் போயிருந்தபோது பழம்பொருள் சந்தையில் பட்டுச் சுருள் டிராகன் ஓவியம் ஒன்று வாங்கினேன். காலில் ஐந்து நகம் இருப்பதால் அரண்மனைக்கென்று கையால் வரைந்தது என்றார் கடைக்காரர். நம்பலாமா? நடுவில் குறுக்காக மடிப்பு விழுந்திருக்கிறது. இஸ்திரி போட்டுக் கூடத்தில் நிரந்தரமாக மாட்டலாமா?

பதில்: முதலில் இஸ்திரிப் பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

பட்டுக்குப் பின்னால் மெல்லிய தாள்கள் கோதுமை மாவுப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஈரத்தில் இளகும் பசை அது. நீராவி பட்டால் பட்டு ஒரு அளவுக்கும் தாள் வேறு அளவுக்கும் இழுபடும், குமிழ் கிளம்பும். மடிப்பைச் சரியாக நீக்க, பின்தாளை உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அது சீன, ஜப்பானியச் சுருள்களில் கைதேர்ந்தவர் செய்யும் வேலை. நீங்கள் செய்யக்கூடியது, மடிப்பு பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது. கீழ்க்கட்டையின் மேல் பருமனான அட்டைக் குழாயைப் பொருத்தி, அதன்மேல் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றுவதால்தான் பெரும்பாலும் இந்த மடிப்பே விழுகிறது. செலோடேப் கூடவே கூடாது.

சரி, நகத்துக்கு வருவோம். ஐந்து நக டிராகன் பேரரசருக்கே உரியது என்ற கட்டுப்பாடு, மங்கோலியர் சீனாவை ஆண்ட யுவான் காலத்திலிருந்து (13-14ஆம் நூற்றாண்டு) இருந்தது. ஆனால் 1912-இல் முடியாட்சியே போய்விட்டது. அதன்பின் யார் வேண்டுமானாலும் எத்தனை நகமும் வரையலாம், வரைகிறார்கள். நகத்தை வைத்து விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் பார்ப்பது மேகத்தைத்தான். டிராகனை முழுசாகக் காட்டாமல் மேகத்திலும் அலையிலும் பாதி மறைப்பது அந்த மரபின் அழகு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சீன ஓவியர் சென் ரோங் 1244-இல் வரைந்த ஒன்பது டிராகன் சுருள் இருக்கிறது. பத்து மீட்டருக்கு மேல் நீளும் அந்த ஓவியம் பட்டில் அல்ல, தாளில் வரைந்தது. போதையில் தொப்பியை மையில் தோய்த்துத் தேய்த்துவிட்டு, அப்புறம் தூரிகையால் ஒழுங்குபடுத்துவாராம் மனிதர்! பட்டில் அந்த விளையாட்டு எளிதல்ல. மை பரவாமல் இருக்க வஜ்ஜிரப் பசையும் படிகாரமும் பூசிய பட்டில், நீர்த்த மையை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித்தான் மேகத்தின் ஆழத்தைக் கொண்டுவருவார்கள்.

ஆகவே பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியால் மேகத்தின் ஓரத்தைப் பாருங்கள். கருமை படிப்படியாக மங்கி இழைகளுக்குள் ஊறியிருந்தால் கைவேலை. ஒரே சீரான சிறுபுள்ளிகள் தெரிந்தால் அச்சு. செதில்களும் அப்படித்தான்: கையால் போட்ட கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். சிவப்பு முத்திரையை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், அதையும் அச்சடிக்கலாம். பழுப்பு நிறமும் அப்படியே. தேநீர்ச் சாயம் ஏற்றிப் பழசாக்குவது சர்வசாதாரணம். இதில் எங்கும் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நிரந்தரமாக மாட்ட வேண்டாம். சுருள் ஓவியத்தைச் சில வாரம் மாட்டிவிட்டுச் சுற்றி வைப்பதே சீன வழக்கம். வெயில், ஈரச் சுவர், ஏசி காற்று மூன்றும் ஆகாது. மழைக்காலத்தில் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்; காய்ந்த நாளில் வெளியே எடுத்து, நிழலில் சற்று நேரம் காற்றாட விடுங்கள். அந்துருண்டை போட்டால் பட்டில் படாதபடி துணியில் முடிந்து போடுங்கள்.