பால்கனிச் சுவர் ஓட்டைக்கு முன்னால், கறுப்பு உடம்பும் கறை படிந்த சிறகுமாக அந்தரத்தில் நிற்கும் ஈ, தேனீக்களைக் கொல்லுமா? வீட்டில் குழந்தை இருக்கிறது, அதை அடித்துவிடலாமா?

கொல்லும். ஆனால் பறந்து வரும் தேனீயை அல்ல, ஓட்டைக்குள் வளரும் அதன் புழுவை. ஆங்கிலத்தில் ‘bee fly’ என்று சொல்லும் ஈ வகை இது. அதற்காக அடிக்கவெல்லாம் வேண்டாம்.

வேளச்சேரியில் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். டிஷ் ஆண்டெனாவைக் கழற்றிய பிறகு மிச்சமான போல்ட் ஓட்டையில் இலைவெட்டித் தேனீ குடியேறியிருக்கிறது. என் ரோஜாச் செடியின் இலைகளில் வட்ட வட்டமாக நறுக்கிப் போவதும் அதுதான். இதற்குக் கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாக இலையால் அறை செய்து, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, ஒரு முட்டையிட்டு மூடிவிடும். காவலுக்கு ஆளில்லாத வீடு என்பது ஈக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஈ முட்டையிடும் விதத்தை ஒருமுறை கிட்டே நின்று பாருங்கள். முதலில் மண்ணில் வயிற்று நுனியைத் தேய்த்து, அங்குள்ள சின்னப் பையில் மணலை நிரப்பிக்கொள்ளும். அப்புறம் ஓட்டைக்கு நேராக அசையாமல் நின்று, வயிற்றை வெடுக்கென்று முன்னால் சுண்டும். மணல் ஒட்டிய முட்டை ஒன்று உள்ளே போய் விழும். நிறைய வெளியிலும் விழும், அது வேறு கதை. பொரித்து வரும் குட்டிப் புழு ஊர்ந்துபோய் அறைக்குள் நுழைந்து, தேனீப் புழு நன்றாகக் கொழுக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். பிறகுதான் ஒட்டிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பிக்கும். சாமர்த்தியம்தான், வேறென்ன சொல்ல!

இணையத்தில் ‘bee fly’ என்று தேடினால் ஊசி மாதிரி நீண்ட மூக்கும் புசுபுசு உடம்புமாக வருவது பாம்பிலியஸ் மேஜர். 1758-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் பெயர் வைத்த இனம். ஐரோப்பா, வட அமெரிக்கா பக்கம் மண்ணில் வளை தோண்டும் தேனீக்களைக் குறிவைப்பது. நீங்கள் சொல்லும் கறுப்பு உடம்பும் கறை படிந்த சிறகும் அதன் உறவான அந்த்ராக்ஸ் பேரினத்துக்குப் பொருந்துகிறது. பயப்படாதீர்கள், அந்த்ராக்ஸ் நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லா அறையும் இதன் கையில் சிக்காது, தப்பிப் பிழைக்கும் தேனீக்களும் உண்டு. மருந்து அடித்தால் ஈயோடு சேர்ந்து தேனீயும் போய்விடும். குழந்தை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஈக்குக் கொடுக்கே கிடையாது.