ஆல்டோஸ்டீரோன் மிஞ்சினால் பிரஷர் மட்டும்தான் ஏறுமா?

சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் அதில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோனையும் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. மூன்று மாத்திரை போட்டும் 160/100-க்குக் கீழே வரவில்லை. ஆல்டோஸ்டீரோன் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குவதுதானே அதன் வேலை?

பதில்: அது பாதிக் கதை. சிறுநீரில் போக வேண்டிய சோடியத்தை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும், சரி. ஆனால் இந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் ரத்தக்குழாயின் உள்சுவரிலும், அதன் தசையிலும், இதயத்திலும் இருக்கின்றன. உள்சுவர் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விட்டுத்தான் குழாயைத் தளர்த்தும். ஆல்டோஸ்டீரோன் மிஞ்சினால் அது குறைகிறது, அழற்சி கூடுகிறது, சுவரில் கொலாஜன் நார் படிகிறது. வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி குழாய் விறைத்துப்போகும். விறைத்த குழாயில் பிரஷர் இன்னும் ஏறும்.

கேள்வி: மாத்திரையிலேயே 130-க்கு வந்துவிட்டால் போதாதா?

பதில்: நல்லதுதான், ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. பாரிஸில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆல்டோஸ்டீரோன் மிகுந்த 124 பேரையும் சாதாரண உயர் ரத்த அழுத்தம் உள்ள 465 பேரையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் பிரஷர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆல்டோஸ்டீரோன் மிகுந்தவர்களில் பக்கவாதம் வந்தவர்கள் 12.9 சதவீதம், அந்தப் பக்கம் 3.4. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 7.3, அந்தப் பக்கம் 0.6. மெஷின் காட்டும் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடக்கும் சேதம் ஒன்றல்ல. அதனால்தான் இவர்களுக்கு ஏற்பியையே அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்தைத் தேடுகிறோம்.

கேள்வி: அப்பாவுக்கும் இதே பிரச்சினை. ஆனால் கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது. சிறுநீரகம் தப்பித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இந்த ஹார்மோன் சிறுநீரகத்தை ஓவர்டைம் வேலை வாங்கும். வடிகட்டல் கூடுவதால், ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் குறைந்து அழகாகத் தெரியும். சிகிச்சை தொடங்கியதும் அது கொஞ்சம் ஏறலாம். மருந்து கெடுத்துவிட்டது என்று பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மறைந்திருந்த சேதம் வெளியே தெரிவதுதான். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குப் பொட்டாசியம் நார்மல். அப்போது இந்த நோய் இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. இந்த நோய் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொட்டாசியம் நார்மலாகவே இருக்கும். சிறுநீரகம் விட்டு, ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கத் தூண்டும் ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரெனின் அடங்கிக் கிடக்கையில் ஆல்டோஸ்டீரோன் தன்பாட்டுக்குச் சுரந்தால் சந்தேகம் வலுக்கும்.

கேள்வி: இந்துப்புக்கு மாறிவிட்டோம். போதுமா?

பதில்: இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. இங்கே ஒரு வேடிக்கை. அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்களுக்கு ஆல்டோஸ்டீரோன் மிக அதிகம், ஆனால் சராசரி பிரஷர் 95/61. காரணம், அவர்கள் உப்பையே சேர்ப்பதில்லை. எலிச் சோதனைகளிலும், உப்பு சேரும்போதுதான் இந்த ஹார்மோன் இதயத்திலும் குழாயிலும் நாரைப் படிய வைக்கிறது. ஆக, ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தால் ஹார்மோனின் கையில் இருக்கும் ஆயுதத்தைப் பிடுங்கிய மாதிரி. அப்புறம், 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்கள் அதையும் தினசரி இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். பொட்டாசியம் எகிறினால் இதயத்துக்கு ஆபத்து.

கேள்வி: தொண்டைக்கு அதிமதுரம் மெல்லலாமா?

பதில்: உங்களுக்கு வேண்டாம். அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலை அடக்கிவைக்கும் நொதியை அது தடுத்துவிடும். அப்புறம் கார்டிசாலே ஆல்டோஸ்டீரோன் வேலையைப் பார்க்கும்.

கேள்வி: ஒரு பக்க அட்ரினலில் கட்டி இருக்கிறதாம். எடுத்தால் மாத்திரை நின்றுவிடுமா?

பதில்: ஹார்மோன் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், அறுவைக்குப் பின் அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் அடங்கிவிடும். ஆனால் மாத்திரையே வேண்டாம் என்ற நிலை மூன்றில் ஒருவருக்கு மேல் கொஞ்சம்தான். பல வருஷம் விறைத்துக் கிடந்த குழாய் ஒரே நாளில் தளராது. மற்றவர்களுக்கும் மாத்திரை எண்ணிக்கை பெரும்பாலும் குறையும்.