நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட்: இடத்துக்கா, பணத்துக்கா?

கேள்வி: டெக்சாஸில் 12ஆம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் இந்தச் செப்டம்பரில் நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட் ஆகியிருக்கிறாள். ஐவி லீக் கல்லூரிகளில் இடம் கிடைக்க இது எவ்வளவு உதவும்?

பதில்: மிகக் கொஞ்சம். நேஷனல் மெரிட் என்பது அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான உதவித்தொகைப் போட்டி. செமிஃபைனலிஸ்ட் ஒரு படி, ஃபைனலிஸ்ட் அதற்கு அடுத்த படி. ஆண்டுதோறும் சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 15,000 பேர் ஃபைனலிஸ்ட்டும் ஆகிவிடுகிறார்கள். ஹார்வர்டு, யேல் விண்ணப்பக் குவியலில் இது அபூர்வமே இல்லை. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமாக, 11ஆம் வகுப்பு அக்டோபரில் எழுதிய பிஎஸ்ஏடி தேர்வுக்குக் கிடைத்த பெயர் இது. அந்தத் திறமையை எஸ்ஏடி மதிப்பெண்ணே சொல்லிவிடும்.

அளவுகோலும் ஒரே சீராக இல்லை. தேர்வாவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணான கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைக் கணக்கிட, பிஎஸ்ஏடியின் மொழிப் பகுதி மதிப்பெண்ணை இரட்டித்து, கணிதத்தைக் கூட்டி, பத்தால் வகுப்பார்கள். மொழியில் 760, கணிதத்தில் 720 வாங்கினால் 224. அதுவே தலைகீழானால் 220. இரண்டுக்கும் மொத்தம் 1480தான்! கணக்கில் மட்டும் புலியான பிள்ளை நூலிழையில் தவறுவது இங்கேதான்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் விருதுகளுக்கு ஐந்தே இடம். ஒன்றில் இதைப் போட்டு ‘தேசிய அளவு’ என்று குறித்தால் போதும். ஃபைனலிஸ்ட் முடிவு பிப்ரவரியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்க முடியாது. ஏபி ஸ்காலர் விருதுக்கு ஓர் இடத்தை வீணாக்காதீர்கள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபியில் மூன்றில், ஐந்துக்கு 3 எடுத்தாலே அது வந்துவிடும்.

ஃபைனலிஸ்ட் என்ற பெயர் பலன் தருவது பணத்தில். யூடி டாலஸ் (டெக்சாஸ் பல்கலைக்கழகம், டாலஸ்), அலபாமா, டல்சா போன்ற பல்கலைக்கழகங்கள் ஃபைனலிஸ்ட்களுக்குப் பெரும் உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்கின்றன (நிபந்தனைகள் ஆண்டுக்காண்டு மாறும், இணையதளத்தில் சரிபாருங்கள்). ஐவி கல்லூரிகள் குடும்ப வருமானம் பார்த்துத்தான் உதவும், தகுதிக்கென்று தனியாக எதுவும் தராது. நேஷனல் மெரிட் அமைப்பே தரும் 2,500 டாலரும் ஒரே ஒருமுறைதான், அதுவும் எல்லா ஃபைனலிஸ்ட்டுக்கும் இல்லை.

ஆகவே ஃபைனலிஸ்ட் ஆவதற்கு நேஷனல் மெரிட் அமைப்புக்கு அனுப்பும் அக்டோபர் விண்ணப்பத்தைக் கோட்டைவிடாதீர்கள். மகள் எழுதும் கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் வேண்டும். எஸ்ஏடி மதிப்பெண்ணை, அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு வழியாக, நேஷனல் மெரிட் அமைப்பின் 0085 என்ற குறியீட்டுக்கு அனுப்புங்கள். பள்ளி ஆவணத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்தில் முதல் விருப்பக் கல்லூரி கேட்பார்கள். ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று இப்போது போடலாம். ஆனால் கல்லூரி தரும் தொகை, தன்னை முதல் விருப்பமாகக் குறித்தவருக்கு மட்டுமே. பிறகு மாற்ற வழி உண்டு, அந்தக் கல்லூரி வைத்திருக்கும் கெடு தேதிக்குள்.