ரெட் ஹூட்: ஜேசன் டாடின் கோபம் யார் மேல்?

பேட்மேன் காமிக்ஸில் பேட்மேனின் இளம் கூட்டாளி ராபினாக இருந்த ஜேசன் டாட், செத்துப் பிழைத்து வந்ததும் ஏன் கொலைக்கு அஞ்சாத ரெட் ஹூட் ஆனான் என்று கேட்டிருந்தீர்கள்.

பேட்மேன் தன்னைக் காப்பாற்றவில்லை என்பதாலா? இல்லை, அதை அவன் மன்னித்துவிட்டான். தன்னைக் கொன்ற வில்லன் ஜோக்கரைப் பேட்மேன் இன்னும் உயிரோடு நடமாட விட்டிருப்பதுதான் ஆறாத ரணம். முன்பு ஜோக்கருக்கே இருந்த 'ரெட் ஹூட்' பட்டப்பெயரை எடுத்துக்கொண்டதும் வேண்டுமென்றேதான். குற்றத்தை ஒழிக்க முடியாது, அடக்கி ஆளத்தான் முடியும் என்பது அவன் கணக்கு. ஆகவே கதை நடக்கும் காதம் நகரின் போதைக் கும்பல்களைக் கொன்று மிரட்டித் தன் பிடிக்குள் கொண்டுவந்தான்.

இதில் ஒரு வேடிக்கை: 1988இல் அவனைச் சாகடித்தது வாசகர்களின் தொலைபேசி வாக்கெடுப்பு. சாகட்டும் என்றவை 5,343, பிழைக்கட்டும் என்றவை 5,271. வெறும் 72 வாக்குகள்! 2005இல் அவன் திரும்பி வந்தபோது அவன் பக்க நியாயம் பேசியவர்களும் வாசகர்களே.