முதல் இன்டெர்னலில் 50க்கு 17: பி.எஸ்சி. தேறுவாளா?

அன்னூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பொண்ணு தமிழ் மீடியம், பிளஸ் டூவில் 600க்கு 512. கோயமுத்தூரில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்த்துவிட்டோம். முதல் இன்டெர்னல், இயற்பியலில் 50க்கு 17. பஸ் லேட்டாகி வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியடு போய்விடுகிறது. தேறுவாளா, இப்பவே பி.காம். மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்குங்களா?"

ஓரளவுக்கு இருக்குதுங்க. ஆனால் அந்த 17ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள், 512ஐ வைத்தும் வேண்டாம். பள்ளி மார்க்குக்கும் கல்லூரி மார்க்குக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்ற அளவில் பெரும்பாலும் 0.4, 0.5 என்றுதான் வருகிறது. அப்படியென்றால் பிள்ளைகளுக்குள் கல்லூரியில் வரும் ஏற்ற இறக்கத்தில் கால்வாசி வரைதான் பள்ளி மார்க் சொல்லும். 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நுழைவுத்தேர்வு, பள்ளி மார்க், படிக்கும் பழக்கம் எல்லாவற்றையும்விட வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறார்களா என்பதுதான் கல்லூரி மார்க்கோடு நெருக்கமாக ஒத்துப்போனது. அதனால் முதலில் பஸ்ஸைச் சரிபண்ணுங்கள். சத்தி ரோடு காலையில் எப்படி நெரியும் என்று உங்களுக்கே தெரியும், ஒரு பஸ் முன்னால் ஏற்றிவிடுங்கள், முடியாவிட்டால் ஹாஸ்டல்.

அடுத்தது கணக்கு. கல்லூரி அறிவியலில் யார் நன்றாக வருகிறார்கள் என்று 2007இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. பள்ளியில் உயிரியல் கூடுதலாகப் படித்தது கல்லூரி உயிரியலுக்கு மட்டும் உதவியது, கணக்கு கூடுதலாகப் படித்ததோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் கைகொடுத்தது. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் அடிவாங்குகிறார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூவையே ஓட்டிய பள்ளிகள் நம் பக்கம் எத்தனை! அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். வெக்டார், வகையீடு, தொகையீடு எல்லாம் ஆரம்பிப்பதே பிளஸ் ஒன்னில், அது ஆடிக்கொண்டிருந்தால் முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் தலைக்குள் ஏறாது.

மொழியையும் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பொண்ணு 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்றதும் முழித்தாள். "நிலைமத் திருப்புத்திறன் அம்மணி" என்றேன், அடுத்த நிமிஷம் வட்டத்தட்டுக்கு எம்.ஆர் ஸ்கொயர் பை டூ என்று தானே போர்டில் வருவித்துக் காட்டினாள். அவளுக்கு இயற்பியல் தெரியாமல் இல்லை, பெயர்தான் தெரியவில்லை. உங்கள் பொண்ணுக்கும் அந்த 17இல் எவ்வளவு இந்தச் சிக்கலோ, விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தமிழ் கலைச்சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எதிரெதிரே எழுதி ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்.

அப்புறம் படிக்கிற விதம். 2006இல் வந்த ஒரு சோதனையில், ஒரு பகுதியை நாலு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவிருந்தது, ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61. ஆனால் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். 'நல்லாத்தான் படிச்சேன்' என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை, அந்த ஐந்து நிமிஷ நினைவை நம்பித்தான் பரீட்சைக்குப் போகிறார்கள். இன்று ராத்திரி நோட்டை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ஒரு டெரிவேஷன் எழுதச் சொல்லுங்கள், எந்த வரியில் நிற்கிறாளோ அங்கிருந்து நாளைக்குப் படிக்கட்டும்.

பி.காம். பேச்சை இரண்டாவது இன்டெர்னல் வரை நிறுத்தி வையுங்கள். பஸ் சரியாகி, கணக்கும் பார்த்து, அப்போதும் 17 பக்கத்திலேயே நின்றால் அவளையும் உட்கார வைத்துப் பேசலாம், அவளுக்கு இயற்பியல் பிடித்திருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் பரணில் இருந்தால் இன்றைக்கே இறக்கிக் கொடுங்கள்.